நிழல் என்ன நிறம்?

ஒரு நிமிடம். படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தை அப்படியே மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் எங்காவது நிழல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நாற்காலிக் கால், தண்ணீர்ச் சொம்பு, ஜன்னல் கம்பி, எதுவாக இருந்தாலும் சரி. அந்த நிழல் என்ன நிறம்?

கருப்பு என்பீர்கள். கொஞ்சம் யோசிக்கிறவராக இருந்தால் சாம்பல் என்பீர்கள். நானும் ஐம்பத்தெட்டு வயது வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் செஞ்சியில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவரிடம் ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்ளப் போனேன். முதல் நாளே அவர் என் வண்ணப் பெட்டியைத் திறந்து, கருப்பு டியூபை மட்டும் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"படிப்பு முடிஞ்சதும் வாங்கிக்குங்க சார்."

இதுவரை திருப்பித் தரவில்லை.

இந்த வயசில் இது எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டிலும் கேட்டார்கள். ஒரு காலண்டரில் மோனே வரைந்த தோட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆனால் ஆசைப்பட்ட இடத்தில் ஒரு வம்பு வந்து சேர்ந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குச் செஞ்சியைத் தெரிந்திருக்கும். யாரோ லாரி லாரியாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, கூலி தகராறில் அப்படியே விட்டுப் போன மாதிரி மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் சேர்த்து ஒரு கோட்டை. ரோடே கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மஹால். மேலே கூம்பாக முடிகிற அடுக்கு மாளிகை. அதைச் சுற்றிப் புல்தரையும் செடிகளும் வளர்த்திருக்கிறார்கள். என் பாடம் நடந்தது அங்கேதான். சனிக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒரு மடக்கு நாற்காலி, மடியில் பலகை, பக்கத்தில் டர்பன்டைன் பாட்டில். கொஞ்ச தூரத்தில் குரங்குகள். லின்சீட் ஆயில் பாட்டிலை ஒரு தடவை தூக்கிக்கொண்டு போய் மோந்து பார்த்துவிட்டு, பாறை மேலிருந்து என்னைப் பார்த்து எறிந்தது ஒன்று. விமர்சகர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

விமர்சகர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1874 ஏப்ரலில் பாரிஸில், ஒரு போட்டோகிராபர் காலி செய்துவிட்டுப் போன ஸ்டூடியோவில், சுமார் முப்பது ஓவியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் மோனேயின் ஒரு படம், மூடுபனியில் ஒரு துறைமுகம், சூரியன் உதிக்கிறது. 'இம்ப்ரஷன், சூரிய உதயம்' என்று பெயர். லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் அந்த முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நையாண்டி செய்து எழுதினார். அவர் வைத்த பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. இம்ப்ரஷனிஸ்டுகள். திட்டின வார்த்தையையே பெயராக வைத்துக்கொண்டு பிழைத்த கூட்டம்.

அவர்கள் வெளியே வந்து உட்கார்ந்து வரைந்ததற்கு ஒரு சின்ன காரணம் டியூப். அதற்கு முன்னால் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு தடவை ஊசியால் குத்தினால் பிறகு காய்ந்து போகும். 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், பிதுக்குகிற தகர டியூபைக் கண்டுபிடித்தார். வண்ணம் பாக்கெட்டுக்குள் வந்தது. ஓவியன் வீட்டை விட்டு வெளியே வந்தான். அவன் கண்ணில் வெயில் பட்டது.

மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில் கான்வாஸின் வெள்ளையைக் கொல்ல வேண்டும். காவி நிறத்தை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்துத் துணியால் துடைத்துவிட்டால் போதும். வெள்ளைப் பரப்பில் எந்த நிறமும் பொய் சொல்லும். பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். பாதி மூடினால் இலை மறையும், பூ மறையும், செங்கல் மறையும். நாலைந்து பெரிய நிறத்திட்டுகள் மட்டும் மிஞ்சும். அதை முதலில் வைக்கணும். கீழே மெலிசு, மேலே கொழுப்பு. அதாவது அடியில் டர்பன்டைன் கலந்து வைத்து, மேலே போகப் போக எண்ணெய் சேர்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் மேல் பூச்சு முதலில் காய்ந்து, அடியில் இருப்பது காயும்போது வெடிப்பு விடும். பச்சையை டியூபிலிருந்து நேராக எடுக்கக் கூடாது, மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்து நீங்களே செய்து, அதில் துளி சிவப்பு விட்டு அடக்க வேண்டும். ஒரு தடவை பிரஷ்ஷை வைத்தால் எடுத்துவிட வேண்டும். தடவிக்கொண்டே இருந்தால் சேறு.

"நாப்பது நிமிஷம்தான் சார். அப்புறம் சூரியன் நகர்ந்துடும். நீங்க பாத்துக்கிட்டு இருக்கறது வேற தோட்டம்."

மோனே இதை மிகவும் சீரியஸாக எடுத்துக்கொண்டவர். 1890-91-ல் வைக்கோல்போர்களை வரைந்தபோது பல கான்வாஸ்களை எடுத்துப்போய், வெளிச்சம் மாற மாற கான்வாஸையும் மாற்றிக்கொண்டே இருந்தாராம்.

சரி, நிழல். நிழல் ஏன் கருப்பு இல்லை? யோசித்துப் பாருங்கள். வெயில் விழாத இடத்திலும் வானம் தெரிகிறது. வானத்தின் நீல வெளிச்சம்தான் அங்கே விழுந்துகொண்டிருக்கிறது. அதோடு பக்கத்தில் இருக்கும் நிறமும் வேலை செய்யும். பாரிஸில் கோபெலின் என்ற அரசாங்க நெசவுச்சாலையில், கருப்புச் சாயம் சரியில்லை, மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்துக்குப் பொறுப்பாக இருந்த வேதியியல்காரர் செவ்ரல் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் ஓடிய நிறங்கள்தான் கருப்பை மங்கலாக்கின. 1839-ல் அதைப் பற்றி ஒரு தடியான புத்தகமே போட்டார். அரக்குப் புடவைக்கு எந்த பார்டர் எடுக்கும் என்று காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளியைக் கேட்டாலும் இதே விஷயத்தைச் சொல்லியிருப்பார். அவர் புத்தகம் போடவில்லை. மஞ்சளான வெயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் நிழல் ஊதாவாகத் தெரியும். தெரிய வேண்டும்.

எனக்குத் தெரியவில்லை. நாலு சனிக்கிழமை தெரியவில்லை. கல் என்றால் சாம்பல், புல் என்றால் பச்சை, நிழல் என்றால் கருப்பு. கண்ணுக்கு முன்னால் மண்டைக்குள்ளிருந்து ஒரு லிஸ்ட் வந்து நின்றுகொண்டது.

இன்னொன்றும் செய்தேன். கை தன்னால் கோடு போட்டது. மாளிகைக்கு ஒரு கோடு, செடிக்கு ஒரு கோடு, பிறகு உள்ளே வண்ணம். மாஸ்டர் சிரித்தார். இது என் தப்பு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நாம் கோட்டுக்காரர்கள். வாசலில் தினமும் கோடு போட்டு விடிகிற ஊர் இது. சில்பி ஆனந்த விகடனில் வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' பார்த்திருப்பீர்கள். கல்லில் சிற்பி எத்தனை மணி கோத்தானோ அத்தனை மணியும் சில்பியின் கோட்டில் இருக்கும். அது தெரிந்துகொண்டு பார்க்கிற கண். நம் பழைய கவிதையும் அப்படித்தான். ஒரு பூவைப் பார்த்தால் அது எந்தத் திணை, எந்தப் பொழுது, யார் யாரைப் பிரிந்து அழுகிறார்கள் என்பது வரை கூடவே வந்துவிடும். வெறும் பூ என்று ஒன்று கிடையாது.

மோனே சொன்னது இதற்கு நேர் எதிர். பக்கத்து வீட்டில் குடியிருந்த லில்லா கேபட் பெர்ரி என்ற அமெரிக்க ஓவியருக்கு அவர் சொன்ன யோசனை இதுதான்: எதிரில் இருப்பது மரமா, வீடா என்பதை மறந்துவிடு, அங்கே எந்த நிறம் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதை மட்டும் வை. பிறவியிலேயே பார்வை இல்லாமல் இருந்து திடீரென்று கண் கிடைத்த மாதிரி பார்க்க ஆசைப்பட்டவர் அவர்.

ஐந்தாவது சனிக்கிழமை அது நடந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். மஹாலின் நிழல் புல்மேல் நீளமாக விழுந்திருந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஊதாவாக இருந்தது. கத்தரிக்காய் ஊதா இல்லை, பட்டாணிப் பூ மாதிரி ஒரு வெளிறிய ஊதா. விளிம்பில் கொஞ்சம் நீலம். நான் பதறிப்போய்க் கண்ணைக் கசக்கினேன். அப்போதும் ஊதாதான். ஐம்பத்தெட்டு வருஷமாக அது ஊதாவாகவே இருந்திருக்கிறது! எனக்குத் தொண்டை அடைத்தது. சொன்னால் வெட்கமாகத்தான் இருக்கிறது. பேரப்பிள்ளை பிறந்தபோதுகூட இப்படி ஆகவில்லை.

அடுத்த வாரமே மாஸ்டர் என்னைச் செட்டிகுளத்துக்கு அழைத்துப் போனார். தண்ணீரில் விழும் நிழலைப் பழக வேண்டும் என்று. தண்ணீரில் தெரியும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கும். பிரதிபலிப்பு மேலிருந்து கீழாக, அலை குறுக்காக. மூன்று மணி நேரம், மூன்று சின்ன கான்வாஸ். மூன்றாவது நன்றாக வந்துவிட்டது. கரையில் இருந்த பழைய மேடை காலை வெயிலில் ஆரஞ்சாக மின்னியது. அதன் நிழல் ஊதா. தண்ணீரில் அந்த ஆரஞ்சு நடுங்கிக்கொண்டு இறங்கியது. மாஸ்டரே "பரவால்லையே" என்றார்.

வீட்டுச் சுவரில் காய வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். அவருக்குச் சொந்த ஊர் செஞ்சி.

"செட்டிகுளமா?"

"ஆமாங்க."

"இந்த ஆரஞ்சு என்னது?"

"கரையில ஒரு மேடை இருக்கில்ல…"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அதுல அந்தப் பொண்ணு எரிஞ்சதுன்னு எங்க பாட்டி அந்தப் பக்கமே போக விடமாட்டா" என்றார். பிறகு காபி சாப்பிட்டுவிட்டு, கேஸ் சிலிண்டர் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

எனக்கு அந்தக் கதை தெரியாதா என்ன? தமிழ்நாட்டில் தேசிங்கு ராஜன் கதை தெரியாதவர் யார்? தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் படித்திருக்கிறோம், 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தில் பார்த்திருக்கிறோம். செஞ்சியை ஆண்ட பந்தேல ராஜபுத்திரன் சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங். நம் வாயில் தேசிங்கு. ஒரு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கட்ட வேண்டியதைக் கட்ட மறுத்து, 1714-ல் படைக்கு எதிரே குதிரையில் போய்ச் செத்தான். ஏறக்குறைய 22 வயது. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவனை எரித்ததும் அவள் ஏறியதும் அந்தக் குளக்கரையில்தான் என்று சொல்கிறார்கள். நவாப் அவள் நினைவாக ஓர் ஊர் உண்டாக்கினார். அதுதான் ராணிப்பேட்டை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு விநாடிகூட நினைவுக்கு வரவில்லை. ஆரஞ்சு, ஊதா, நடுங்குகிற தண்ணீர். அவ்வளவுதான் இருந்தது. அதற்காகத்தானே ஐந்து வாரம் பயிற்சி எடுத்தேன்!

இதுதான் நான் சொன்ன வம்பு. நன்றாகப் பார்ப்பதற்கு மறக்க வேண்டும் என்றால், எதையெல்லாம் மறக்கலாம்?

மோனேவுக்கே இந்தக் கேள்வி வந்திருக்கிறது, என்னுடையதைவிட நூறு மடங்கு கொடுமையாக. 1879 செப்டம்பரில் அவர் மனைவி கமீல் இறந்துபோனாள். 32 வயது. இரண்டு சின்னப் பிள்ளைகள், கையில் காசில்லை. மோனே படுக்கையருகில் உட்கார்ந்து அவள் முகத்தை வரைந்தார். அந்தப் படம் இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீலமும் ஊதாவும் சாம்பலுமாகப் பனிக்குள் அமிழ்கிற மாதிரி ஒரு முகம். பல வருஷங்களுக்குப் பிறகு நண்பர் கிளெமான்சோவிடம் அவர் இதைச் சொல்லியிருக்கிறார். தான் உயிராக நினைத்தவளின் நெற்றியில் மரணம் வைத்துக்கொண்டே போன நிறங்களை, நீலம், மஞ்சள், சாம்பல் என்று தன் கண் தானாகவே எண்ணிக்கொண்டிருந்ததைத் திடீரென்று கண்டுபிடித்து அதிர்ந்து போனாராம். செக்கில் கட்டிய மிருகம் மாதிரி ஆகிவிட்டோமே என்று நொந்துகொண்டாராம்.

அந்த அதிர்ச்சி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயிற்சி அவர் கண்ணை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறது. முதல் உலகப் போரிலும் இதே மனுஷன் தன் தோட்டத்துக் குளத்தையே வரைந்துகொண்டிருந்தார். மூத்த மகன் 1914 பிப்ரவரியில் செத்திருந்தான். இளைய மகன் ராணுவத்தில். இத்தனை பேர் சாகும்போது நிறத்தையும் வடிவத்தையும் ஆராய்ந்துகொண்டிருக்க வெட்கமாக இருக்கிறது என்று 1914 டிசம்பரில் ஒரு நண்பருக்கு எழுதினார். எழுதிவிட்டு மறுபடி வரையப் போனார். 1918 நவம்பரில் போர் நின்ற மறுநாள், அந்த அல்லிக்குளப் படங்களில் இரண்டை நாட்டுக்குத் தருகிறேன் என்று கிளெமான்சோவுக்குக் கடிதம் போட்டார். வெட்கமும் நிஜம், வேலையும் நிஜம். நமக்குத்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்ப்புச் சொல்ல ஆசை.

நானும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதப் பார்த்தேன். சுவரிலிருந்து படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். பிறகு யோசனை வந்தது. கதை தெரிந்தவர்கள் அந்த மேடையைப் பார்க்கிறார்களா? கோட்டைக்கு வருகிற நம் ஆட்களைக் கவனியுங்கள். கைடு சொல்கிறார், எல்லாரும் 'த்சொ' கொட்டுகிறார்கள், வேர்க்கடலைத் தோலைப் போடுகிறார்கள், பாறையில் ஆணியால் காதலி பெயரைக் கிறுக்குகிறார்கள். கதை தெரிந்திருப்பதே ஒரு வசதி. அதைத் தெரிந்துகொண்டால் பார்க்க வேண்டியதில்லை.

இன்னும் மோசம், அந்தக் கதை என்ன செய்கிறது என்பது. நெருப்பில் ஏறியவளைப் பத்தினியாக்கிப் பாட்டில் வைத்துவிடுகிறது. பாட்டு முடிகிறபோது நமக்குக் கண் கலங்குகிறது, மனசு லேசாகிறது. அவளுக்கு என்ன வயது இருந்திருக்கும், அவளை யாராவது கேட்டார்களா, நெருப்பு பட்டபோது என்ன செய்தாள் என்பதெல்லாம் பாட்டில் வராது. 1987-ல் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் ரூப் கன்வர் என்ற 18 வயதுப் பெண் எரிந்தபோது, கும்பல் கும்பலாக வந்து தேங்காய் உடைத்தார்கள். அவர்களுக்கும் கதை நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் சதியைப் புகழ்வதே குற்றம் என்று சட்டம் வந்தது. அப்படிப் பார்த்தால், மறந்துவிட்டு ஆரஞ்சு வைத்த நான் அவளுக்குச் செய்தது, நினைத்துக்கொண்டு பாட்டுப் பாடியவர்கள் செய்ததைவிடப் பெரிய கெடுதலா?

இது கெட்டிக்கார வக்கீல் வாதம் என்று எனக்கே தெரிகிறது. அடுத்தவன் தப்பாக நினைவு வைத்திருக்கிறான் என்பதால் நான் மறந்தது சரியாகிவிடாது. ஆனாலும் அந்த வாதத்தை முழுசாகத் தள்ள முடியவில்லை.

மாஸ்டரிடம் கேட்டேன். அவர் என் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மேடைல வெள்ளை ஜாஸ்தி சார். அதான் ஆரஞ்சு சுண்ணாம்பு மாதிரி நிக்குது" என்றார். அவ்வளவுதான் பதில். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வேலை அது.

படத்தை மறுபடி சுவரில் மாட்டினேன். பெரியவர் வருகிற நாளில் மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. இது இப்படியே போயிருக்கும். 1714-ல் செத்தவர்களைப் பற்றி நானும் இரண்டு வாரம் கவலைப்பட்டுவிட்டு விட்டிருப்பேன். போன சனிக்கிழமை விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

மறுபடி கல்யாண மஹால் தோட்டம். இந்த முறை கொஞ்சம் பெரிய கான்வாஸ். புல்தரை முழுக்க வெயில். நடுவில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண். மேலே ஆண்பிள்ளை போடுகிற முழுக்கைச் சட்டை, வெளுத்த நீலம். உங்களுக்குத் தெரியும், வெயிலில் வேலை செய்கிற நம் பெண்கள் புடவைக்கு மேலே புருஷனுடையதோ மகனுடையதோ பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். கை சிராய்க்காது, வெயில் சுடாது. அந்த நீலம் அந்த மஞ்சள் புல்லில் என்ன செய்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்ல? படமே அதுதான். கோபால்ட் நீலத்தில் வெள்ளையும் துளி ஊதாவும் சேர்த்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரே தீற்று. நாற்பது நிமிஷத்தில் முப்பத்தைந்தாவது நிமிஷம். என் வாழ்நாளில் நான் வைத்த ஒரே நல்ல தீற்று அது.

அந்த அம்மா வேலையை முடித்துவிட்டுப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"இன்னா சார் எழுதறீங்க?"

"படம்மா. இந்தத் தோட்டம்."

"நானு இருக்கறனா இதுல?"

பெருமையாகக் காட்டினேன். "இதோ, இதுதான் நீங்க."

குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "மூஞ்சி?"

"தூரத்துலேர்ந்து பாத்தா மூஞ்சி தெரியலயேம்மா, அதனால…"

"அது செரி." அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரலை நீலத்துக்குக் கிட்டே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள். "இது எங்க ஊட்டுக்காரர் சொக்கா."

"ஆமாம்மா."

"சொக்காவோட எழுதிட்டீங்களா?" குரல் இறங்கிவிட்டது. "கழட்டிட்டு வந்து நிக்கட்டா சார்? இல்லன்னா, எங்கிட்ட ஒரு பொடவ இருக்குது. மாம்பழக் கலரு, பச்ச பார்டரு. பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது. அதப் போட்டு எழுதிடுங்க."

"நான் அந்தப் புடவையப் பாத்ததில்லயேம்மா."

"அதான் சொல்றேனே சார், மாம்பழக் கலரு."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பார்க்கலாம் என்ற மாதிரி தலையாட்டினேன். அவள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மோனேவின் தோட்டத்தில் அரை டஜன் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். 1893-ல் அல்லிக்குளத்துக்கு ஆற்றுத் தண்ணீரைத் திருப்பியபோது, அந்த வெளிநாட்டுச் செடிகள் தண்ணீரை விஷமாக்கிவிடும், மாடு குடிக்க முடியாது என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். மோனே ஜெயித்தார். குளத்துக்கென்றே ஒரு ஆள் வைத்தார். அவன் படகில் போய் அல்லி இலைகளில் படிந்த தூசியைக் கழுவ வேண்டும். கழுவிய பிறகு ஐயா வந்து வரைவார். நான் புத்தகங்களில் பார்த்தவரையில், அந்த அல்லிப் படங்கள் எதிலும் அந்த ஆள் இல்லை. அவன் போன பிறகு இருந்த தண்ணீர்தான் இருக்கிறது. நானாவது இந்த அம்மாவை வைத்தேனே என்று ஒரு நிமிஷம் எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பிறகு அந்த விரல் நினைவுக்கு வந்தது.

நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஒரு பக்கம். நீலம்தான் நான் பார்த்தது. மாம்பழப் புடவை அங்கே இல்லை, அதை வைத்தால் பொய். தவிர மஞ்சள் புல்லில் மஞ்சள் வைத்தால் ஆளே காணாமல் போய்விடுவாள். படமும் போச்சு. மாஸ்டரிடம் போனில் சொன்னபோது அவர் இதைத்தான் சொன்னார், கொஞ்சம் கோபமாகவே.

மறுபக்கத்தில் அவளுடைய குரல் இறங்கியது மட்டும் இருக்கிறது. எனக்கு அது நீலம். அவளுக்கு அது சொக்கா. நாள் முழுக்கப் போட்டிருப்பதுதான், எல்லாரும் பார்ப்பதுதான். ஆனால் ஒரு படத்தில், வாழ்க்கையில் ஒரே ஒரு படத்தில், அதோடு நிற்க அவளுக்கு இஷ்டமில்லை. கல்யாண போட்டோவுக்கு யாராவது வேலைச் சட்டையோடு நிற்பார்களா? நீங்கள் நிற்பீர்களா? உங்கள் ஆதார் அட்டையில் இருக்கும் போட்டோவை யாருக்காவது காட்டும்போது கட்டைவிரலால் மறைப்பதில்லையா? அது உண்மையான முகம்தானே?

கமீலால் கேட்க முடியவில்லை. குளக்கரையில் எரிந்தவளை யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. இந்த அம்மா வாய் திறந்து கேட்டுவிட்டாள். அதுதான் சங்கடம். அடையாளமே தெரியாத ஒரு நிறத்திட்டாக அவளை வைத்துவிட்டு, இதில் உனக்கு என்ன உரிமை என்று சொல்லலாம். அவள் மூஞ்சி இல்லாததை ஒப்புக்கொண்டவள். மூஞ்சியை விட்டுக்கொடுத்துவிட்டு, புடவையை மட்டும் கேட்கிறாள்.

எண்ணெய் வண்ணத்தில் ஒரு சௌகரியம், சீக்கிரம் காயாது. அதிலும் வெள்ளை கலந்து தடிமனாக வைத்தது ஒரு வாரம் வரை ஈரமாகவே இருக்கும். கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். இன்று வியாழக்கிழமை. காட்மியம் மஞ்சளில் துளி வெர்மிலியன் சேர்த்து ஒரு மாம்பழ நிறம் கலந்து, பலகையின் ஓரத்தில் பாலிதீன் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மல்கோவாவா, பங்கனப்பள்ளியா என்று அவளைக் கேட்காமல் விட்டுவிட்டேன். காலையில் எழுந்ததும் அந்த நீலத்தின் விளிம்பை மட்டும் விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஒட்டுகிறது.